ராகிக் குழியில் அணைந்த விளக்கு

ஐம்பதுகளின் நடுவில், மழை பொய்த்த வருஷத்துக்கு அடுத்த வைகாசியில் நடந்தது இது. விதை ராகி வாங்க நானும் என் அக்காளின் வீட்டுக்காரரான மச்சானும் பாகலூர்ப் பக்கம் ஒரு பண்ணைக்கு வண்டி கட்டிப் போனோம். அந்த விதையும் முளைக்காவிட்டால் எங்கள் இரண்டு வீட்டிலும் அடுப்பு எரியாது.

அங்கே ராகியை மண்ணுக்கடியில் ஆழக் குழியில் கொட்டி, வாயைக் கல்லால் மூடி, மண் பூசி வைப்பார்கள். பண்ணைக்கார அம்மா ஆள்விட்டுக் கல்லைப் புரட்டினார். பாதிக் குழிதான் ராகி இருந்தது. மச்சான் உடனே உள்ளே இறங்க வேட்டியை மடித்துக் கட்டினார்.

"இருப்பா, விளக்கு எறக்கிப் பாக்கணும்" என்று தடுத்தார் அந்த அம்மா.

"பட்டப்பகல்ல விளக்கா?" மச்சான் என் காதில் முணுமுணுத்தார். "அடியில மக்கினது கெடக்கு மாப்ளே. நம்மள எறங்கவிடாம இழுத்தடிக்கிறா."

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அந்த அம்மா கயிற்றில் இறக்கிய விளக்கு பாதியிலேயே அணைந்தது. மச்சான் அதை வாங்கித் திரியை மோந்து பார்த்தார். "தண்ணியில நனைச்ச திரி!" என்று சொல்லிக்கொண்டே ஒரு காலைக் குழிக்குள் விட்டார். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள். அவருக்கு ஆழம் தெரிந்தது, உள்ளே இருப்பதுதான் தெரியவில்லை.

அம்மா அவருடைய குடுமியைப் பிடித்து இழுத்தே விட்டார். "எல்லாருக்கும் ஒரு குழி இருக்குதய்யா! அதுக்குள்ள போக இத்தன அவசரமா? என் விளக்க நம்பலன்னா உன் விளக்க எறக்கு!"

எங்கள் வண்டிக்கடியில் தொங்கிய லாந்தரை ஏற்றி மச்சானே இறக்கினார். சுடர் குறுகியது, நீலமானது, போய்விட்டது. அவர் குழிவாயை விட்டு இரண்டடி தள்ளி நின்றுகொண்டார்.

உள்ளே நல்ல காற்றுப் போகப் பண்ணை ஆட்கள் புங்கந்தழைக் கட்டைக் கயிற்றில் கட்டிக் குழிக்குள் ஏற்றி இறக்கி வீசிக்கொண்டே இருந்தார்கள். உச்சிப்பொழுது சாய்ந்த பிறகுதான் எங்கள் லாந்தர் அடிவரை அணையாமல் போனது. மச்சான் இறங்கி அடி ராகியை அள்ளி வந்தார். அப்போதும் ஒரு வாய் கடித்துப் பார்த்துவிட்டுத்தான் மூட்டை கட்டினார்!

விதைத்தது பழுதில்லாமல் முளைத்தது.

பல வருஷம் கழித்து நானாகப் படித்துத் தெரிந்துகொண்டேன். காய்ந்த விதைக்குள்ளும் கண்ணுக்குத் தெரியாத உயிரணுக்கள் நம்மைப் போலவே மூச்சு விடுகின்றனவாம். சேர்த்து வைத்த மாவைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செலவழித்து, நல்ல காற்றை எடுத்துக்கொண்டு, நாம் வெளியே விடுகிற அதே காற்றை விடுகின்றனவாம். மூடிய குழியில் அது போக வழியில்லாமல் தேங்கியிருக்கிறது; அதில் விளக்கும் எரியாது, இறங்கின ஆளும் பிழைக்கமாட்டான். அந்த அம்மா ஏமாற்றுகிறார் என்று நாங்கள் சாட்சிக்கு வைத்த அணைந்த விளக்கு, உள்ளே ராகி மூச்சு விட்டதற்குச் சாட்சியாக இருந்திருக்கிறது. இன்றும் யார்மேலாவது சந்தேகம் வரும்போது, முதலில் என் லாந்தரை இறக்கிப் பார்க்கத்தான் மனசு சொல்கிறது.