ஹோமும் ஓமும்

1974ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில், புலம்பெயர்ந்து வந்த ஸ்பிரிங்வேலில் சத்தியபாமாவுக்கு வாய்த்த ஒரே பொழுதுபோக்கு தோற்றுக்கொண்டே இருந்தது. வீட்டுக்கு எதிர் மைதானத்தில் சனிக்கிழமைகளில் விளையாடும் பேஸ்போல் அணிதான் அது. பருவம் பாதி கடந்தும் ஓர் ஆட்டமாவது வெல்லவில்லை. கணவன் விக்னராஜா கிரிக்கெட் பைத்தியம். மட்டையை வீசிவிட்டு ஓடுவதெல்லாம் ஒரு விளையாட்டா என்று கேட்டுவிட்டுச் சனிக்கிழமையும் தொழிற்சாலைக்குப் போய்விடுவான்.

முதலில் சமைத்தபடியே குசினி யன்னலால் பார்த்தாள். பிறகு உட்கார மடக்குக் கதிரையைத் தூக்கிக்கொண்டு மைதானத்துக்கே போனாள். அணித்தலைவன் நெவிலின் மனைவி மார்கிரட் தேநீரும் கொடுத்து ஆட்டத்தையும் சொல்லிக் கொடுத்தாள். அடித்தவன் பேஸ் என்னும் மூன்று தரிப்புகளையும் சுற்றி ஓடிப் புறப்பட்ட இடத்துக்கே திரும்பினால் ஓர் ஓட்டம். அந்த இடத்துக்குப் பெயர் ஹோம். அந்த ஊர்க்காரர் வாயில் அதன் முதல் எழுத்து பாதி விழுங்கப்பட்டு, ஓம் என்றே கேட்கும். வாரம் முழுக்கச் சுவரோடு பேசிக்கொண்டிருந்தவளுக்கு அந்தச் சனிக்கிழமைகள் உயிராகிப் போயின.

அந்த ஊரில் குளிர் உச்சத்தில் இருக்கும் ஜூலையில் ஒருநாள் வெற்றி கைக்கெட்டும் தூரத்தில் வந்து நின்றது. நெவிலின் அணி ஓர் ஓட்டம் முன்னிலை; எதிரணியில் இருவர் பேஸ்களில் நின்றார்கள். எதிரணியின் கடைசி ஆட்டக்காரன் அடித்த பந்து உருண்டு நெவிலிடமே வந்தது. முதலாம் பேஸுக்கு எறிந்தால் போதும், அவர்கள் கதை முடிந்தது. தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த மார்கிரட், நெவில் பந்தைப் பிடித்துவிட்டாரா என்று திரும்பாமலே கேட்டாள். சந்தோசத்தில் சத்தியபாமாவுக்கு ஆங்கிலம் மறந்து, ஆமாம் என்பதற்கு ஊர்ச் சொல்தான் வாயில் வந்தது.

"ஓம்! ஓம்!" என்று கத்தினாள்.

நெவிலின் காதில் ஹோம் என்று விழுந்தது. யோசிக்காமல் அங்கே எறிந்தான். அங்கே நின்ற அவனுடைய அணிக்காரன் எதிர்பார்க்கவில்லை. பந்து அவனைத் தாண்டி ஓட, எதிரணிக்கு இரண்டு ஓட்டங்கள். பிறகு நெவில் அணியின் முறை வந்தும் ஈடுகட்ட முடியவில்லை.

அவள் யாரிடமும் சொல்லாமல், கதிரையையும் விட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டாள். பின்னேரம் நடந்ததைக் கேட்டு விக்னராஜா வயிறு நோகச் சிரித்தான்.

"நீர் இனி அங்க போகாதையும்," என்றான். "அதுகள் பாவங்கள்."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த ஊரில் தனக்கென்று இருந்த ஒரே இடத்தைத் தன் வாயாலேயே கெடுத்துக்கொண்டோம் என்று வாரம் முழுவதும் மனம் அரித்தது.

அடுத்த சனிக்கிழமை குசினி யன்னல் திரையை இழுத்து மூடிவிட்டு இருந்தாள். கதவு தட்டப்பட்டது. நெவில், கையில் அவளுடைய கதிரையுடன் நின்றான். வருகிறீர்களா என்று கேட்டான்.

அவன் கோபமாக இருப்பான் என்றே நினைத்திருந்தாள். மனப்பாடம் செய்து வைத்திருந்த மன்னிப்பெல்லாம் எங்கோ போயிற்று. ஊர் வழக்கப்படி தலையைப் பக்கவாட்டில் ஆட்டிக்கொண்டே, "ஓம்," என்றாள்.

அவன் முகம் வாடிவிட்டது. வீட்டிலேயே இருக்கப் போகிறாள் என்று விளங்கிக்கொண்டு, கதிரையைச் சுவரோடு சாத்திவிட்டுப் போனான்.

படலைக் கதவு சாத்தும் சத்தம் கேட்ட பிறகுதான் அவளுக்கு உறைத்தது. வீட்டுச் செருப்போடு, கதிரையையும் இழுத்துக்கொண்டு ஓடினாள். நெவில் வீதியைக் கடந்திருந்தான்.

"ஹோம் இல்லை, ஓம்! ஓம் எண்டால் யெஸ்! யெஸ்!"

மைதானம் முழுவதும் திரும்பிப் பார்த்தது. நெவில் திரும்பி வந்து கதிரையை வாங்கிக்கொண்டான்.

அன்றும் அவர்கள் தோற்றார்கள். சத்தியபாமா கடைசிவரை இருந்து கத்தினாள், யெஸ் என்று மட்டும்.