சாப்பாடு வைத்துவிட்டார்கள், அப்படியென்றால் ஓம்தானே?

லோசானில் படிப்பை முடித்த கையோடு ஜெனீவாவில் ஓர் உதவி நிறுவனத்தில் எனக்கு ஸ்தாஜ் கிடைத்தது. பயிற்சி வேலைதான், சம்பளம் பேருக்கு. எனக்கென்றால் உலகத்தையே கையில் தந்தமாதிரி இருந்தது. சுவிஸுக்கும் எங்கள் நிறுவனம் உதவும் கானாவுக்கும் இடையில் என்னென்ன போய்வருகிறது என்று கரைத்துக் குடித்து வைத்திருந்தேன். அங்கேயிருந்து கொக்கோவும் பொன்னும் இங்கே வருகின்றன, இங்கேயிருந்து நிபுணர்களும் திட்டங்களும் அங்கே போகின்றன. வீட்டில் இரவுச் சாப்பாட்டுக்கு இருந்தால் இதே பேச்சு. "கானா ஓடிப்போகாது, முதல்ல சோறு ஆறப்போகுது, சாப்பிடு" என்பா அம்மா.

அந்த இலையுதிர்காலத்தில் கானாவிலிருந்து ஒரு பெண்மணி வந்தார். கொக்கோ பயிரிடுகிறவர்களின் பிள்ளைகளுக்காக எங்கள் நிறுவனம் அங்கே நடத்திய தொழிற்பள்ளியின் தலைவி. பாதி வாரம் வகுப்பு, மீதி வாரம் பட்டறை, அச்சொட்டாக சுவிஸ் முறை. எங்கள் உதவி அந்த வருஷத்தோடு முடிகிறது. நீடிக்குமா, நிற்குமா? புதுப் பிள்ளைகளைச் சேர்க்கலாமா? அதைக் கேட்கத்தான் அவர் இவ்வளவு தூரம் வந்திருந்தார்.

ரயிலடியிலிருந்து டிராமில் கூட்டிக்கொண்டு வந்தேன். ஆங்கிலத்தில்தான் கதைத்தோம், ஆனால் நினைவில் எல்லாம் தமிழாகத்தான் கிடக்கிறது.

"மேடம், குளிருதோ?"

"மேடம் எண்டு சொல்லாதை. சம்பளம் கூட்டிக் கேக்க வாற வாத்தியார்மார்தான் என்னை அப்பிடிக் கூப்பிடுறவை. அன்ரி எண்டு சொல்லு."

அம்மாவின் வயதில் ஆரைக் கண்டாலும் அன்ரி என்கிற வீட்டில் வளர்ந்தவளுக்கு வேறென்ன வேண்டும்? இறங்குவதற்குள் எனக்கு அவர் சொந்தக்காரி.

கூட்டத்தில் எங்கள் பொறுப்பாளர், பேர்ணிலிருந்து ஓர் அரச அதிகாரி, சூக் நகரிலிருந்து கொக்கோ வாங்கி விற்கும் கொம்பனிக்காரர் ஒருவர், அன்ரி, மூலையில் நான். அதிகாரி இரண்டு நாடுகளின் நீண்டகால நட்பைப் பாராட்டினார். பொறுப்பாளர் "புதிய கட்டம்" என்றார். சூக்காரர் தாங்கள் எதற்கும் திறந்த மனதோடு இருப்பதாகச் சொன்னார். ஒருவர் கதைக்கும்போது மற்றவர் குறுக்கிடவில்லை. "இல்லை" என்ற சொல்லை யாரும் வாயில் எடுக்கவில்லை, "ஓம்" என்றும் யாரும் சொல்லவில்லை. கடைசியில் எல்லாரும் எல்லாருக்கும் நன்றி சொல்லி எழும்பினார்கள். சர்வதேச உறவுகள் படித்து நல்ல புள்ளி வாங்கிய நான், என்ன முடிவு என்று விளங்காமல் கண் தெரியாதவள்போல இருந்தேன்.

பக்கத்து மேசையில் பாண், சீஸ், காய்ந்த இறைச்சி, வெள்ளை வைன். பொறுப்பாளர் தன் கையாலேயே அன்ரிக்கு ஊற்றிக் கொடுத்தார். சூக்காரர் அன்ரியின் கண்ணைப் பார்த்துக் கிண்ணத்தை முட்டினார். அன்ரி மெல்ல என்னை ஜன்னலடிக்கு இழுத்தார்.

"மகள், ஓமோ இல்லையோ? நீ இஞ்ச பிறந்தனி. உனக்குத் தெரியும்."

எங்கள் தமிழ் ஆட்களிடம் சம்பந்தம் கதைக்கப் போகிறவர்கள், விருப்பமில்லையென்றால் அந்த வீட்டில் கை நனைக்க மாட்டார்கள். தேத்தண்ணியும் வேண்டாமென்று எழும்பிவிடுவார்கள். சாப்பாட்டுக் கோப்பையில் கை வைத்துவிட்டால் விஷயம் சரி. சூரிச்சில் பெரியப்பாவின் மகளுக்கு அப்படித்தான் முடிவானது. மாப்பிள்ளையின் தாய் இரண்டாந்தரம் சோறு கேட்டதும் பெரியம்மா குசினிக்குள் போய்ச் சந்தோஷத்தில் அழுதா.

"சாப்பாடு வைச்சிட்டினம், அன்ரி. அவையளும் சேர்ந்து சாப்பிடினம். ஓம் போலத்தான் கிடக்கு."

"எங்கட பக்கமும் அதுதான்! வேண்டாதவளோட ஆர் சேர்ந்து சாப்பிடுவினம்?"

உடனே பள்ளிக்கூடத்துக்கு அழைப்பெடுத்து நல்ல செய்தியைச் சொன்னார். மறுபக்கத்தில் யாரோ மேசையில் தாளம் போடுவது எனக்கும் கேட்டது.

நான் சந்தோஷத்தில் பொறுப்பாளரிடம் போய், "அப்போ புதுப் பிள்ளைகளைச் சேர்க்கலாம், என்ன?" என்றேன்.

அவர் உண்மையாகவே ஆச்சரியப்பட்டார். "கூட்டத்தில் சொன்னோமே. நம் பணம் டிசம்பரோடு முடிகிறது. பிறகு கொம்பனி விரும்பினால் அவர்களோடு சேர்ந்து பள்ளியை நடத்தலாம். அதுதான் புதிய கட்டம்."

"அப்படியென்றால் ஏன் சாப்பாடு வைத்தீர்கள்?"

அவர் மேசையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "பன்னிரண்டு மணியாகிவிட்டதே" என்றார்.

நக்கல் இல்லை. பசிக்கிற நேரத்தில் விருந்தாளியைப் பட்டினி போடக் கூடாது என்று நினைத்த நல்ல மனிதர். அதுதான் இன்னும் குழப்பியது. யாரில் கோபப்படுவது?

அன்ரியிடம் திரும்பி வந்து சொன்னேன்.

"அப்ப இல்லை எண்டுதான் சொல்லியிருக்கினம்."

"இல்லை எண்டும் சொல்லேல்லை, அன்ரி. காசு நிக்குது. பள்ளிக்கூடம் நிக்குது எண்டு ஒருத்தரும் சொல்லேல்லை."

"காசு நிண்டால் பள்ளிக்கூடம் காத்திலயோ நிக்கும்?" என்றவர், என் முகத்தைப் பார்த்தார். "நீ எந்த ஊர்க்காரி எண்டு உனக்காவது தெரியுமோ?"

எனக்குக் காது சுட்டது. அவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. கோப்பையில் இன்னும் இரண்டு துண்டு சீஸ் எடுத்து வைத்துக்கொண்டு நேராகச் சூக்காரருக்கு முன்னால் போய் நின்றார். அவருடைய வாய் நிறையப் பாண்.

"ஐயா, நீங்கள் என்னோட சேர்ந்து சாப்பிட்டிட்டியள். எங்கட ஊரில சாப்பிட்டவர் சும்மா எழும்பிப் போறேல்லை. எத்தினை பிள்ளையளைப் பொறுப்பெடுக்கப் போறியள்?"

சூக்காரர் பொறுப்பாளரைப் பார்த்தார். பொறுப்பாளர் அதிகாரியைப் பார்த்தார். அதிகாரி என்னைப் பார்த்தார், நான்தான் இதற்கு மொழிபெயர்ப்புச் சொல்ல வேண்டும் என்பதுபோல. அன்ரி கதைத்தது தெளிவான ஆங்கிலம்.

"பள்ளிக்கூடத்துக்குத் திரும்ப அழைப்பெடுத்து, இன்னும் முடிவாகேல்லை எண்டு சொல்லட்டோ, அன்ரி?" என்று கிசுகிசுத்தேன்.

"பொறு," என்றார் சூக்காரரிலிருந்து கண்ணை எடுக்காமல். "முதல்ல இவர் வாயில இருக்கிறதை விழுங்கட்டும்."