ஐவி டப்பன் போட்ட புளித்தபால் தரை

இங்கிலாந்தின் அரண்மனைகள் எல்லாம் எங்கள் ஹேசல்டீன் ஊர்ப் பாதிரியார் வீட்டை நினைத்துத்தான் பொறாமையில் புழுங்குகின்றன. அதற்குத் தரை போட்ட ஐவி டப்பனைக் கண்டால் சுண்ணாம்புப் பாறையே எழுந்து நின்று வணக்கம் சொல்லும்.

உண்மையில் ஐவி முப்பது வருடம் பேருந்து ஓட்டியவர். கொத்தனார் கரணை பிடித்ததே இல்லை.

பதினான்காம் நூற்றாண்டுப் பெருங்கொள்ளைநோய் முடிந்த கையோடு கட்டிய வீடு அது. கருவாலி மரச் சட்டம், இடையில் மண் அப்பிய சுவர், நாணல் கூரை. கூடத்துக்குப் புகைபோக்கி கிடையாது. உத்திரமெல்லாம் இன்னும் கரி. மணமாகாத பாதிரியார் என்பதால் வேலைக்காரியின் அறைக்குக் கூடத்திலிருந்து வாசலே வைக்கவில்லை. ஊர்வாய் அன்றைக்கும் இப்படித்தான்.

ஊர்க் கமிட்டி வீட்டைப் பழுதுபார்க்க இறங்கி, சட்டத்தை நிமிர்த்திக் கூரையும் வேய்ந்தாயிற்று. கூடத்துத் தரைதான் மாவாக உதிர்ந்தது.

"சிமென்ட் போட்டுடலாம் ஐவி. ஒரே நாள் வேலை" என்றார் கமிட்டித் தலைவர் மால்கம்.

"போட்டா ஈரம் எங்க போகும்? தூணுக்குள்ள ஏறும். இத்தனை நூறு வருசம் நின்ன மரம் உங்க காலத்துலதான் இத்துப் போகணுமா? பழையபடி சுண்ணாம்பை இடிச்சு, புளிச்ச பால் ஊத்தணும்."

"யார் இடிக்கிறது?"

"நான்."

கமிட்டிக் கூட்டத்தில் பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்த கைகள் அப்படியே நின்றன.

"சரி. திறப்பு விழாவுக்குள்ள கெட்டிப்படலேன்னா சிமென்ட்தான்" என்றார் மால்கம்.

ஐவி சுண்ணாம்பை உடைத்து, பரப்பி, இடித்து, கடைப் பாலை வெயிலில் வைத்து ஊற்றினார். கடைப் பால் ஏற்கனவே காய்ச்சியது; தானாகப் புளிக்காது, அழுகும். அது அவருக்குத் தெரியாது. தரையில் பச்சைப் பூஞ்சை பூத்தது. நாற்றம் மதுக்கடை வரை போனது.

"எதையாவது புதைச்சிருக்கீங்களா?" மால்கம் மூக்கைப் பொத்தினார்.

"சிரிங்க. நல்லாச் சிரிங்க."

அத்தனையையும் சுரண்டி எறிந்துவிட்டு, பண்ணைக்காரர் கோப் என்பவரிடம் போனார்.

"காய்ச்சாத பால் வேணும். நிறைய."

"கன்னுக்குட்டி ஏதும் தத்தெடுத்தீங்களா?"

"ஆமா. பேரு மால்கம்."

இந்த முறை பால் ஒழுங்காகப் புளித்தது. ஐவி மறுபடி இடித்தார். முழங்கால் பூசணியாக வீங்கியது, அப்போதும் இடித்தார். கடைசியில் வேலைக்காரியின் அறைப்பக்கம் ஒரே ஒரு மூலை மிச்சம். மறுநாளைக்குள் அதை முடிக்காவிட்டால் விழாவுக்குள் காயாது. ஐவி எழ முயன்றார். கால் எழவில்லை. வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்து, உட்கார்ந்தபடியே இருட்டும் வரை இடித்துப் பார்த்தார். மூலை முடியவில்லை.

காலையில் நொண்டிக்கொண்டு வந்தால், மூலை முடிந்திருந்தது. பாலும் ஊற்றியிருந்தது.

விழாவன்று மால்கம் குதிகாலால் தரையைக் குத்தினார். தேநீரைக் கவிழ்த்தார். அது முத்து முத்தாக உருண்டு ஓடியது. "கல்லு மாதிரி இருக்கு" என்று அவரே சொன்னார். அவர் தயாராக வாங்கி வைத்திருந்த சிமென்ட் மூட்டைகள் திரும்பிப் போயின.

வந்தவர்களிடமெல்லாம், பழைய பாதிரியாரின் ஆவிதான் தன் வேலைக்காரி மேல் பாவப்பட்டு அந்த மூலையை முடித்தது என்று இதை எழுதுகிறவன் அளந்துகொண்டிருந்தான். அவன் பின்னால் ஐவி வந்து நின்று, மோப்பம் பிடித்தார்.

"ஏன்டா டோபி, ஆவி உன் கோட்டைத்தான் கடன் வாங்கிச்சா?"

"எந்தக் கோட்டு, மிஸஸ் டப்பன்?"

"புளிச்ச பால் வாடை அடிக்குதே, இந்தக் கோட்டு. அந்த மூலை கோணலா இருக்கு. கூட்டம் போனதும் இடிகட்டையை எடு. நான் வாளி மேல உக்காந்து பார்த்துக்கறேன்."