ரூபாய் விழ ஒரு நேர்ச்சை

நாகர்கோவிலில் ஒரு கல்லூரியில் பொருளாதாரம் நடத்துகிறேன். எங்கோ போர் மூண்டு உலகச் சந்தையெல்லாம் ஆட்டம் கண்ட அந்த வருஷம், வகுப்பில் ரூபாய்க்காக மாய்ந்து மாய்ந்து பேசினேன். ரூபாய் சரிந்தால் பெட்ரோலில் தொடங்கி எல்லாம் விலை ஏறும். தாங்கிப் பிடிக்க மத்திய வங்கி வட்டியைக் கூட்டினால் கடன் வாங்கியவர்கள் தலையில் விடியும். கையிருப்பு டாலரை விற்றால் நாளைய அவசரத்துக்கு இருக்காது. அந்த வங்கித் தலைவர் நாற்காலியில் உட்கார்ந்தால்தான் அந்தப் பாடு தெரியும் என்பேன்.

வீட்டிலோ நிலைமை தலைகீழ். கணவர் மஸ்கட்டில், ஊருக்கு வந்து மூன்று வருஷம். புது வீட்டுக்குப் பால்காய்ப்பு நாள் குறித்தாயிற்று. அவர் சேர்த்த பணம் தரைக்கு டைல்ஸ் போடத்தான் காணும். ரூபாய் விழுந்தால் அனுப்பவேண்டிய ரியால் குறையும், மிச்சத்தில் விமான டிக்கெட் எடுத்துவிடலாம். மாமியார் மண்டைக்காட்டு அம்மனுக்கு நேர்ச்சையே நேர்ந்துவிட்டார்.

"ரூவா விழணும்னு யாராவது வேண்டுவாளா அத்தே? நாட்டுக்குக் கெடுதல்லா!"

"நாட்டை நீ காலேஜ்ல பாரு மக்களே. எனக்கு எம்புள்ள வரணும்."

எனக்கும் அதேதான் வேண்டும். வெளியே சொல்லத்தான் வெட்கம்.

ரூபாய் சரியத் தொடங்கியது. பணம் அனுப்பட்டுமா என்று கணவர் போனில் கேட்டார். உடனே எனக்குள் இருந்த வாத்தியாரம்மா எழுந்துகொண்டாள்.

"இப்ப அனுப்பாதீங்க. கையிருப்பு டாலரைத் தொடமாட்டாங்க. ரூவா இன்னும் விழும், ஒரு வாரம் பொறுங்க."

மூன்றாம் நாளே மத்திய வங்கி டாலரை விற்றது. ரூபாய் ஜம்மென்று நிமிர்ந்தது. வகுப்பில் மாணவிகள் கைதட்டினார்கள். எனக்கு அழுகை முட்டியது. என் அதிகப்பிரசங்கித்தனத்தால் அவர் இல்லாமலே பால்காய்ப்பு நடக்கப்போகிறது. வீட்டில் மாமியார் முகத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது.

சாயங்காலம் கணவரைப் போனில் அழைத்து, "தப்பு எம்மேலதான்" என்று தொடங்கினேன். அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு.

"ஏட்டி, நீ சொன்ன அன்னைக்கே டைல்ஸ் கடைக்கு நேரா அனுப்பியாச்சு. டிக்கெட்டும் எடுத்தாச்சு."

"நான்தான் பொறுக்கச் சொன்னேனே?"

"அதனாலதான் அவசரமா அனுப்பினேன். போன வருசம் தங்கம் விலை குறையும், பொறுங்கன்னு சொன்னதும் நீதாம்லா?"

கோபம் வந்திருக்க வேண்டும். நானோ அடுக்களைக்கு ஓடி மாமியாரைக் கட்டிக்கொண்டேன். கையில் அகப்பையோடு அவர் திகைத்துப்போனார்.

"ரூவா விழுந்துட்டா மக்களே?"

"எழும்பிட்டு அத்தே. ஆனா அவங்க வாறாங்க."