கினிப்பன்றிக்கு எடுத்த வகிடு

நான் கொழும்பில் சின்னம்மாவோடு இருப்பதாக ஊரே நம்பிக்கொண்டிருந்த காலத்தில், எங்கள் வீட்டு உள்ளறையில் நெல்மூட்டைகளுக்குப் பின்னால் பாய் விரித்துப் படுத்திருந்தேன். வாவிக்கு மேற்கே, எங்கள் படுவான்கரையில், இயக்கத்துக்காரர் சண்டைக்கு வீட்டுக்கொரு பிள்ளை கேட்டு வந்துகொண்டிருந்தார்கள். எனக்குப் பதினாறு வயது. அப்பா கட்டாரில். அம்மாவுக்கு நான் ஒரே பிள்ளை. எல்லோரும் பார்க்க அம்மா என்னைக் கொழும்பு பஸ்ஸில் ஏற்றினார் என்பது உண்மைதான். ஆனால் சின்னம்மாவின் வீட்டுக்காரர் படுவான்கரைப் பிள்ளையை வைத்திருந்தால் பொலிஸ் வரும், ஏலாது என்று சொல்லிவிட்டார். நாலாம் நாள் அம்மாவே என்னை வயல் வட்டைக்குள்ளால் ஒருவர் கண்ணிலும் படாமல் திரும்பக் கூட்டி வந்தார்.

என்னோடு சிறை இருந்தவை இரண்டு கினிப்பன்றிகள். தையல் படிப்பித்த பறங்கி டீச்சர் ஆஸ்திரேலியா போகும்போது தந்துவிட்டுப் போனவை. ஒன்று வெள்ளை, மற்றது தவிட்டு நிறம். முடி தரையில் இழுபடும். முன்பக்கம் எது, பின்பக்கம் எது என்று புல்லை நீட்டித்தான் கண்டுபிடிக்க வேண்டும். "பண்டி எண்டு சொல்லி எலி வளக்குறாள்" என்று ஊரில் சிரித்தார்கள். சிரித்தவர்களே நான் சீவும்போது வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார்கள். நுனியிலிருந்துதான் சீவ வேண்டும். அடிமுடியை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டால் தோல் இழுபடாது. முதலில் பெரிய பல் சீப்பு, பிறகு பேன்சீப்பு. முதுகில் நேராக வகிடு எடுத்து இரண்டு பக்கமும் விழுத்துவேன். பின்பக்கத்து முடி மூத்திரத்தில் நனையாதபடி கத்தரித்துவிடுவேன். எனக்குத் தலைக்கனமும் இருந்தது. என் கையைத் தவிர வேறு யார் கையிலும் இவை அடங்காது என்று சொல்லித் திரிந்தேன்.

ஒளித்திருந்தபோது கூடு குசினியில், அடுப்புக்கு எதிர்ப்பக்கம், என் அறைக் கதவோரம் இருந்தது. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒவ்வொன்றாக உள்ளே எடுத்துச் சீவுவேன். நாள் முழுக்க அந்த ஒரு மணித்தியாலம் மட்டும்தான் எனக்கு மூச்சு வந்தது.

பக்கத்து வளவு மாமியின் மகளும் நானும் ஒரே வகுப்பு. நான் "கொழும்புக்குப் போவதற்கு" ஒரு மாதம் முந்தி அவளைக் கொண்டு போயிருந்தார்கள். ஒரு நாள் மாமி முருங்கைக்காய் கொண்டு குசினிக்குள் வந்தார். கதவுக்குப் பின்னால் நான் அசையாமல் நின்றேன்.

"என்னகா, புள்ள போயும் இதுகள் இவ்வளவு வடிவா இரிக்குதுகள். ஆரு சீவுற?"

"நான்தான் மச்சாள்."

"நீயா? ஒருத்தர்ட கையிலயும் நிக்காதெண்டு அவள்தானே சொல்லித் திரிஞ்சவள்."

அம்மா சிரித்தார். அது பொய்ச்சிரிப்பு என்று கூட்டுக்குள் இருந்தவற்றுக்கே தெரிந்திருக்கும்.

மாமி போனதும் அம்மா அறைக்குள் வந்து சீப்பைப் பறித்துக்கொண்டார். "இனி இதுகளத் தொடாத. தன்ட புள்ள போயிற்று, இவள்ட புள்ள மட்டும் ஏன் இரிக்கணும் எண்டு அவக்குத் தோணாதா?" எனக்கும் அதே பயம்தான்.

அதன் பிறகு கதவிடுக்கால் பார்த்துக்கொண்டு கிடந்தேன். என் காலடி கேட்டால் அவை விசிலடித்துக் கத்தும் என்பதால் பகலில் எழும்பி நடப்பதையும் விட்டேன். ஒரு கிழமையில் வகிடு கலைந்தது. மறு கிழமை வயிற்றிலும் கக்கத்திலும் சடை பிடித்தது. சித்திரை வெக்கை வேறு. மாமி இரண்டு நாளைக்கொருதரம் வந்தார். வந்ததும் கூட்டைத்தான் பார்த்தார். அவை அலங்கோலமாக ஆக ஆக எங்கள் பொய் நம்பும்படி ஆனது. அதை நினைக்க எனக்கு என் மேலேயே வெறுப்பாக இருந்தது.

மூன்றாம் கிழமை வெள்ளை ஒன்றும் தின்னாமல் மூலையில் குந்திக்கொண்டது. பின்பக்கத்தில் இலையான் மொய்த்தது. அம்மா முன்கதவை வெளியால் பூட்டிவிட்டுச் சங்கக்கடைக்குப் போயிருந்தார். நான் வெளியே வந்து அதைத் தூக்கிச் சடையை விலக்கினேன். அடியில் புழு. உப்புத் தண்ணீரையும் கத்தரிக்கோலையும் எடுத்துக் குசினி நிலத்தில் குந்தி வெட்டத் தொடங்கினேன். அழுதுகொண்டிருந்ததால், வெறுமனே சாத்தியிருந்த பின்கதவு திறந்தது கேட்கவில்லை. நிமிர்ந்தால் மாமி.

ஓட இடமில்லை. மாமி என்னைப் பார்த்தார். பிறகு என் பின்னலைப் பார்த்தார்.

"அவளுக்கும் இவ்வளவு முடி. கொண்டு போன முதல் நாளே ஒட்ட வெட்டிற்றாங்களாம்."

பக்கத்தில் குந்தி வெள்ளையைத் தன் மடியில் பிடித்துக்கொண்டார். கடைசிப் புழு வரைக்கும் இருவருமாக எடுத்தோம். அது பிழைத்துக்கொண்டது. வெட்டிய இடத்தைப் பழக்கதோஷத்தில் ஒழுங்காக்கப் போனேன். மாமி என் கையைத் தட்டிவிட்டார்.

"வடிவா வெட்டாத புள்ள."

கத்தரிக்கோலை வாங்கி இரண்டின் முடியையும் மேடும் பள்ளமுமாகக் கண்டபடி வெட்டினார். வெட்டியதைக் கூட்டிக் கடதாசியில் சுற்றி எடுத்துக்கொண்டு, வந்த வழியால் போனார். அம்மா வந்து முன்பூட்டைத் திறக்கும் சத்தம் கேட்டது. உடனே வேலிக்கு அங்காலிருந்து நாலு வீட்டுக்குக் கேட்கும்படி மாமி கத்தினார்.

"என்னகா, அந்த எலிகளுக்கு இப்பிடியா முடி வெட்டுற? பாக்கச் சகிக்கல்ல! புள்ள கொழும்பால வந்தா உன்னச் சும்மா விடமாட்டாள்!"

அம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. நான் மூட்டைகளுக்குப் பின்னால் போய் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். இன்னும் ஏழு மாதம் அங்கேயே இருந்தேன். என்னைத் தேடி ஒருவரும் வரவில்லை. மாமியின் மகள் திரும்பி வரவில்லை.