அவள் சொன்ன மாமா

குற்றாலத்தில் சாரல் சீசன் உச்சத்தில் இருந்தது. அருவிப் பக்கத்து உணவகம் ஒன்றில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த சிறுமியைக் குழந்தைகள் உதவி மைய ஊழியர்களான நாங்கள் மீட்டு, விசாரணைக்காகத் தென்காசி அலுவலகத்துக்கு அழைத்து வந்திருந்தோம். பன்னிரண்டு வயது இருக்கும். அறிவு வளர்ச்சி சற்றுப் பின்தங்கியவள். கேட்டால் வெகுநேரம் யோசித்துத்தான் பதில் சொல்வாள். அவளை வேலைக்குக் கொண்டுவந்தவன், தான் அவளுடைய தாய்மாமன் என்றும் வீட்டில் கொண்டுபோய் விடுவதாகவும் சொல்லிக்கொண்டு நின்றான்.

விசாரணை அதிகாரி அவனைக் காட்டிக் கேட்டார். "இவரு யாரும்மா?"

"மாமா."

"முடிஞ்சுது," என்று பேனாவைத் திறந்தார்.

எங்கள் பக்கம் பஸ் கண்டக்டரும் மாமாதான், வளையல்காரரும் மாமாதான். அதிகாரியும் இந்த ஊர்க்காரர். ஆனாலும் அந்த ஒரு சொல் அவருக்குப் போதுமானதாக இருந்தது.

"இன்னும் கேக்கணும் சார். அந்த ஆள வெளிய உக்காரச் சொல்லுங்க," என்றேன்.

"அவளுக்கு வெவரம் பத்தாது மேடம். என்னத்தக் கேக்க?"

"கேக்கத் தெரியாதது நமக்குத்தான்."

உடனிருந்த பெண் காவலர் அவனை வெளியே அனுப்பினார். நான் தரையில் சிறுமியின் எதிரே உட்கார்ந்து அதிகாரியைக் காட்டினேன். "இவங்க யாரு?"

யோசித்தாள். "மாமா."

பெண் காவலர் சிரித்துவிட்டார். "சார், ஒங்களுக்கும் ஒரு மருமவ கெடச்சிட்டா!"

அதிகாரி பேனாவை மூடினார்.

"ஒங்க வீட்ல ராத்திரி யாரெல்லாம் படுப்பாவ?" என்று கேட்டுவிட்டுக் காத்திருந்தேன்.

"மேடம், பல்லாங்குழி ஆட உக்காந்துட்டியளோ?" என்றார் அதிகாரி. நான் திரும்பவில்லை.

"அம்மா. தம்பி," என்றாள் சிறுமி.

"மாமா?"

"மாமா வேன்ல வந்தாவ. வளவி வாங்கித் தாரேன்னாவ."

அதை அப்படியே எழுதினேன். நல்ல தமிழில் திருத்தச் சொன்னார் அதிகாரி. மறுத்தேன். வாக்குமூலம் அவளுடையது, மொழியும் அவளுடையதாகவே இருக்க வேண்டும். எழுதியதை அவளுக்கு நிறுத்தி நிறுத்தி வாசித்துக் காட்டினேன்.

"செவப்பு வளவி," என்று திருத்தினாள். வளையலுக்கு முன்னால் அந்தச் சிவப்பையும் சேர்த்தேன்.

"அந்த மாமாகூட போறியா?"

இந்த முறை யோசிக்கவே இல்லை. "மாட்டேன். அம்மா வரட்டும்."

அந்த வரியையும் எழுதி அதிகாரியின் மேசையில் வைத்தேன். படித்து முடித்ததும் அவர் பெண் காவலரிடம் சொன்னார்: "வெளிய நிக்கானே, அவன உள்ள கூப்பிடும்மா. வேன் யாருதுன்னு கேப்போம்."