என் டம்ளரில் இருந்த தண்ணீர்

போத்தனூரைத் தாண்டி இருந்த கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில் தண்ணீரைப் பரிசோதிப்பது என் வேலை. சாக்கடையாக உள்ளே வருவது குடிநீராக வெளியே வரும். தினமும் சோதித்து, 'குடிக்கத் தகுந்தது' என்று கையெழுத்துப் போடுவேன். கையெழுத்துப் போட்டேனே தவிர, ஒரு வாய் குடித்ததில்லை. சிறுவாணி ஆற்றுத் தண்ணீர் குடித்து வளர்ந்த நாக்கு. வெளியூர்க் கல்யாணத்துக்குக்கூட வீட்டுத் தண்ணீரைப் பாட்டிலில் தூக்கிப்போகிற ஆட்கள் நாங்கள். வேலைக்கும் அப்படித்தான்.

அக்கம்பக்கத்துக் குடும்பங்களை வரவழைத்து, அந்தத் தண்ணீரைக் குடிக்கக் கொடுக்கும் நாள் வந்தது. வீடு வீடாகப் போய் "பயமே வேண்டாமுங்க" என்று படித்துப் படித்துச் சொன்னவள் நான். எல்லாம் ஊருக்கு உபதேசம். பம்பு ஓட்டும் அண்ணன் எவர்சில்வர் டம்ளர்களில் தண்ணீரை ஊற்றி வைத்தார். நான் மட்டும் ஆய்வகத்துக்குள் போய், என் பாட்டிலில் இருந்து ஒரு டம்ளரை நிரப்பிக்கொண்டு வந்தேன்.

யாரும் கை நீட்டவில்லை. இடுப்பில் குழந்தையோடு நின்ற ஒரு பெண் கேட்டாள்: "ஏனுங்க, மொதல்ல நீங்க குடிப்பீங்களா?"

"அதுக்கென்னங்க" என்று மடக் மடக்கென்று குடித்தேன். சிறுவாணி இனித்தது. என் முகத்தையே பார்த்திருந்தவள் ஒரு டம்ளரை எடுத்துக் குடித்தாள். குழந்தைக்கும் ஒரு வாய் புகட்டினாள். பிறகு எல்லாரும் குடித்தார்கள், கை தட்டினார்கள். தண்ணீரில் ஒரு குறையும் இல்லை என்று எனக்கு நன்றாகத் தெரியும். இருந்தும் அந்தக் குழந்தையைப் பார்க்க முடியவில்லை. அவள் நம்பியது என் சோதனையை அல்ல, என்னை. எனக்கே என்மேல் வெறுப்பாக இருந்தது.

சில வாரம் கழித்து அந்த அண்ணன் வழுக்கி விழுந்து காலில் கட்டோடு கிடந்தார். வருவதாகச் சொல்லிவிட்டுப் பார்க்கப் போனேன். எங்கள் பக்கம் வீட்டுக்கு வந்தவர்களுக்கு முதலில் ஒரு சொம்பு தண்ணீர். ஒரு வாயாவது குடிக்காவிட்டால் அந்த வீட்டையே மதிக்கவில்லை என்று அர்த்தம். அவர் மனைவி சொம்பை நீட்டினார். தினமும் நிலையத்தில் இருந்து ஒரு கேன் தண்ணீர் அந்த வீட்டுக்குப் போவது ஞாபகம் வந்தது. வாங்கிய கை அப்படியே நின்றது.

"பயப்படாம குடிங்க அம்மணி" என்றார் அண்ணன். "உங்களுக்குன்னு பக்கத்து ஊட்ல சிறுவாணி வாங்கியாரச் சொன்னேனுங்க."

குரலில் குத்தல் துளியும் இல்லை. அதுதான் தாங்கவில்லை.

"அன்னைக்கே தெரியுமாங்ணா?"

"உங்களுக்கு நான் ஊத்தி வெச்ச டம்ளரு அப்படியே நின்னுச்சுங்க. ஆராச்சும் பாத்துட்டு கேட்டா உங்களுக்குச் சங்கடமுன்னு நானே எடுத்துக் குடிச்சுப்போட்டேன்."

உங்கள் வீட்டுத் தண்ணீரே கொடுங்கள் என்று கேட்க வாய் வரவில்லை. அன்றைக்கும் சிறுவாணியைத்தான் குடித்தேன்.